இருபத்திரண்டாம் மாடித் தூண்

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும், ஐயா. அதனால்தான் இரும்புத் தூண்களில் பெயின்டால் நம்பர் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எந்தத் தூண் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்பது அந்த நம்பரில்தான் இருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் ஒரு நம்பர்கூடத் தப்பியதில்லை. இதுவும் தப்பிப் போனதல்ல, யோசித்து எழுதியதுதான்.

எங்கள் யார்டுக்கு வந்ததிலேயே கனமான தூண் அது. ஒரு மீட்டர் நீளமே ஒரு டன்னுக்கு மேல். ஆலையில் ஒரே துண்டாக உருட்டி எடுத்தது, எங்கும் ஒட்டு கிடையாது. ஓரத்தின் தடிமன் என் உள்ளங்கை அகலத்தைவிட அதிகம். சும்மா சொல்லக் கூடாது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

அது போகும் இடத்தை வரைபடத்தில் பார்த்ததும் வயிறு எரிந்தது. பேஸ்மென்ட். சுற்றிலும் கான்கிரீட் போட்டு மூடிவிடுவார்களாம். பக்கத்திலேயே கழிவுநீர்த் தொட்டி வேறு. இருபத்திரண்டாம் மாடி கேன்டீனிலோ நாலு பக்கமும் கண்ணாடி, நல்ல வெளிச்சம். அங்கே நிற்கப்போவது ஒரு நோஞ்சான் தூண். இரண்டும் ஒரே நீளம். இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

இரண்டின் நம்பரையும் மாற்றி எழுதினேன். போல்ட்டுக்குத் துளை போடுகிறவர்களும் நம்பரைப் பார்த்துத்தான் போடுவார்கள், அதனால் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது.

கிரேன் ஓட்டுபவர் மட்டும் சந்தேகப்பட்டார். "என்னண்ணே, அடித்தூண் இவ்ளோ லேசா வருது?"

"உங்க கிரேன் புதுசுல்ல," என்றேன். மனிதர் பூரித்துப்போனார். ஒன்றரை வருடம் கழித்து மேல்மாடித் தூணைத் தூக்கும்போது கிரேன் முனகியது. "பழசாயிடுச்சுல்ல," என்றேன். அதையும் நம்பினார். நல்ல மனிதர், அவரை ஒன்றும் செய்துவிடாதீர்கள்.

கட்டடம் திறந்து ஆறு மாதத்தில் பேஸ்மென்ட் கதவு மூட மறுத்தது. தச்சர் வந்து சீவிவிட்டுப் போனார். மறுவாரம் மறுபடி சீவினார். காவலாளி என்னிடம் சொல்லிப் புலம்பினார். எனக்குக் காரணம் தெரியும். மரம் என்றால் அப்படித்தான் ஊதும் என்று சொல்லிவைத்தேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து என் மனைவியை அந்தக் கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். தூணுக்குப் பக்கத்து மேசை.

"இரும்பைப் பாக்கவா எனக்குப் புதுச் செருப்பு வாங்கிக் குடுத்தீங்க?" என்றாள். பிறகு அதை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, இவ்ளோ கனமானத யாராவது மேல வைப்பாங்களா? நான் அரிசி டப்பாவையே அலமாரியில கீழ்த்தட்டுலதானே வைக்கிறேன்?"

நாலு இன்ஜினியர்கள் கண்ணில் படாதது, ஐயா. எனக்குப் பெருமையாக இருந்தது.

"அப்ப கீழ என்ன நிக்குது?" என்றாள். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. சொல்லிவிட்டேன்.

கைப்பையை எடுத்தவள் லிஃப்டைக்கூட நம்பவில்லை. இருபத்திரண்டு மாடியும் படியில் இறங்கினாள், ஒவ்வொரு மாடியிலும் கதவைத் தட்டி எல்லோரையும் வெளியே விரட்டிக்கொண்டே. அறுநூறு பேர். உங்களுக்கு ஃபோன் செய்ததும் அவள்தான்.

வாசலில் நின்று, "என்னைவிட அந்தத் தூண் ஒசத்தியா?" என்று கேட்டாள். மீட்டருக்கு எத்தனை கிலோ என்று சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இப்போது அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவள் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

அந்த அறுநூறு பேரைப் பற்றி நினைக்கவே இல்லையா என்று கேட்டீர்கள். நினைக்காமல் இருப்பேனா? கதவு இறுகிய நாளிலிருந்து அதே நினைப்புத்தான், தூக்கமே இல்லை. கட்டடம் அமுங்கினால் கடைசியாக வந்து விழுவது மேல்மாடி. அடியில் அத்தனை பேர் இருக்கிறார்கள், தூணுக்குப் பெரிதாக அடிபடாது என்று புரிந்த பிறகுதான் கண்ணை மூட முடிந்தது.