கித்துள் பாணி என்று நினைத்த எண்ணெய்

"அதைக் கித்துள் பாணியெண்டு நினைச்சுத் தயிருக்கு மேல ஊத்திப்போட்டன்," என்றார் என் முன் இருக்கையில் இருந்த பெண். ஒனிஹங்காவிலிருந்து காலை ரயில் அப்போதுதான் புறப்பட்டிருந்தது. புத்தகத்தைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த கணவர் பையிலிருந்து ஒரு கித்துள் பனைப்பாகுப் போத்தலை எடுத்தார். அடியில் ஒரு விரலளவு கறுப்பு எண்ணெய்தான் மிச்சம் இருந்தது.

"இண்டைக்கு மீட்டிங்கில காட்ட வைச்சிருந்தது. மீட்டிங்குக்கு வாற ஆக்கள் இதைப் பார்த்துத்தான் எங்கட மிஷினுக்கு ஓம் சொல்லுவினம்."

"பாணிப் போத்தலுக்குள்ள ஆரப்பா விடச் சொன்னது? அதையும் குசினியில வைச்சிருக்கிறியள்."

அவர் போத்தலைச் சாய்த்து மிச்சத்தைப் பார்த்தார். மனைவி தொடர்ந்தார்.

"போத்தல் இல்லாட்டி என்ன? ஒரு கிழமையா நீங்கள் சொல்லிப் பார்த்தது எனக்கே பாடம். ஒரு ஊர் வீடுகளுக்கெல்லாம் சூடு குடுக்கிற பொயிலரோடயே மரத்தூளைக் காத்துப் படாமல் சூடாக்கினா ஆவி வரும். ஆவியைக் குளிராக்கினா எண்ணெய். மிஞ்சின கரியை எரிச்சா வீடுகளுக்குச் சூடு. சரியோ?"

"சரி. நீர் அதைச் சாப்பிட்டனீரோ?"

"ஒரு கரண்டி. புகை மணத்தது, உடன துப்பிப்போட்டன்."

"நாக்கைக் காட்டும்."

"ரெயினுக்குள்ளயோ? சனம் பார்க்குது."

"காட்டும் எண்டுறன்."

அந்தப் பெண் கையால் மறைத்துக்கொண்டு நாக்கை நீட்டினார்.

"சிவந்தெல்லோ கிடக்கு!"

எல்லர்ஸ்லி நிலையத்தில் கதவு திறந்தது. "உங்கட மீட்டிங்! இறங்குங்கோ," என்று அவர் தோளைத் தள்ளினார் மனைவி.

கணவர் அசையவில்லை. "மீட்டிங் ஆக்கள் காத்திருக்கட்டும். முதல் உம்மை டொக்டரிட்டைக் காட்டுவம்."

கதவு மூடிக்கொண்டது.