குழாயின் முனையில் ஒரு கடுகு

எங்கள் ஊரில் மத்தியானம் ஒரு மணிக்கு மேல் யாருக்கும் உடம்புக்கு வராது. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். நாலு மணிக்குத் திரும்பக் கூட்டம் சேரும்வரை மருத்துவமனையில் நானும் மைக்ராஸ்கோப்பும்தான். பிரான்சிலேயே இருந்திருக்கலாமே, காரைக்காலுக்கு ஏன் திரும்பினீர்கள் என்று விசாரணையின் தொடக்கத்தில் கேட்டீர்கள். அங்கே எனக்கு இந்த மூன்று மணி நேரம் கிடைத்திருக்காது.

என் பெயர் அல்பேர். பெண்களுக்கான மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1974இல் பத்துப் படுக்கையோடு இதை ஆரம்பித்தேன். நர்சு மத்லேன் முதல் நாளிலிருந்து கூட இருந்தவர். என்மேல் உங்களுக்குப் புகார் எழுதியதும் அவர்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. புகாரில் ஒரு தேதிகூடத் தப்பில்லை. நான் பழக்கிய கை.

சூலகப் புற்றுநோய் வயிறு வீங்கிய பிறகுதான் கண்ணில் படும். அப்போது எல்லாம் ஒரே குப்பையாகக் கிடக்கும், எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. சூலகத்தில்தான் தொடங்குகிறது என்று புத்தகங்கள் சொல்கின்றன. எனக்கு அதில் சந்தேகம். பக்கத்தில் தொங்கும் கருக்குழாயின் முனையில் முளைத்து, அங்கிருந்து சூலகத்தில் உதிர்கிறது என்று நினைத்தேன். நிரூபிக்க வேண்டுமானால் முளைக்கும்போதே பார்க்க வேண்டும். பிறகு அதைத் தொடாமல் இருக்க வேண்டும்.

1979 ஆனி மாதம் பட்டினச்சேரியிலிருந்து சொர்ணாம்பாள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வந்தார். நாற்பத்தொரு வயது, ஐந்து பிள்ளைகள், மீன் விற்பவர். வயிற்றைத் திறந்தால் வலது கருக்குழாயின் முனையில் கடுகளவு ஒரு பரு. ஓரத்தில் துளி கிள்ளி எடுத்துவிட்டு, வந்த வேலையை மட்டும் முடித்து மூடினேன். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானத்தில் அது புற்றுதான் என்று உறுதியாயிற்று. பக்கத்தில் சூலகம் சுத்தமாக இருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

திரும்பக் கூப்பிட்டு அந்தக் குழாயை எடுத்திருக்கலாம். ஒரு மணி நேர வேலை. அநேகமாகப் பிழைத்திருப்பார். இதை நான் மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் தையல் பிரிக்க வந்தபோது சொர்ணாம்பாள் கேட்டார்.

"உள்ள எல்லாம் நல்லா இருக்குங்களாய்யா?"

"ஒண்ணுமில்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போங்க."

ஒரு தடவைகூடத் தவறவில்லை. பஸ் ஓடாத நாளில் நடந்தே வந்திருக்கிறார். தன்னைப் போல ஒருத்தியை ஒரு டாக்டர் இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாராம். அக்கறை உண்மைதான். நோயாளிகளில் வேறு யாரையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

மறு வருஷம், உள் தையல் சரியாக ஆறவில்லை என்று சொல்லி இன்னொரு முறை திறந்தேன். சூலகத்தின்மேல் மணல் தூவியதுபோல இருந்தது. நான் சொன்னது சரி. அளந்தேன், வரைந்தேன், மூடினேன். "மிசியே, அது என்னங்க?" என்று மத்லேன் எட்டிப் பார்த்தார். பழைய பிரெஞ்சு வழக்கத்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "கொழுப்பு" என்றேன். தையல் ஊசியை எடுத்து நீட்டினார்.

அந்த அம்மாளிடம் சம்மதம் வாங்கினீர்களா என்று நேற்றும் கேட்டீர்கள். சொல்லியிருந்தால் பயந்திருப்பார். பயந்தவர் வேறு டாக்டரிடம் போயிருப்பார். அந்த டாக்டர் குழாயை எடுத்துவிட்டிருப்பார்.

1981 ஐப்பசியில் வயிறு பெருக்கத் தொடங்கியது. கணவர் இளையபெருமாள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அவரை வெளியே நிறுத்திவிட்டு சொர்ணாம்பாள் மெதுவாகச் சொன்னார்:

"தையில பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். அதுவரைக்கும் நான் இருப்பேனாங்கய்யா? மறைக்காம சொல்லுங்க."

"இருப்பீங்க" என்றேன். நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். மாசி மூன்றுவரை தாங்கும் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். வயிற்று நீரை எடுத்தேன், வலிக்கு ஊசி போட்டேன். கல்யாணத்துக்கு நானும் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி மகளுக்கு அட்சதை போட்டார். எழுந்து என்னைக் கும்பிடப் பார்த்து முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மாசி பதினொன்றில் இறந்தார். என் கணிப்பில் எட்டு நாள் பிசகு. இறுதிச் சடங்கு முடிந்து கடற்கரையில் இளையபெருமாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி எப்பவோ போயிருப்பாங்க" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. கல் நெஞ்சன் என்று புகாரில் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் மறுக்கிறேன்.

கட்டுரையைப் பாரிசிலுள்ள ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பினேன். வரைபடங்கள் அருமை என்று பதில் வந்தது. ஆனால் ஒரே ஒரு நோயாளியை வைத்து எதையும் நிறுவ முடியாது, குறைந்தது இன்னொருவராவது வேண்டும் என்றார்கள். நியாயமான பதில்.

போன மாதம் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது மத்லேன் சொர்ணாம்பாளின் குறிப்பேட்டைப் படித்துவிட்டார். என் மேசைக்கு வந்து நின்றார். "அந்தம்மாவ நாந்தான மிசியே ஒவ்வொரு தடவயும் ஒண்ணுமில்லம்மான்னு கையப் புடிச்சி அனுப்பி வச்சேன்" என்றார். அன்றே கிளம்பிவிட்டார். இப்போது வரிச்சிக்குடியில் தங்கை வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

இரண்டாவது நோயாளி கிடைத்தாரா என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை. ஏப்ரலில் மத்லேனுக்குக் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன் நடந்தது. வேறு யாரிடமும் போகமாட்டேன், நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கட்டியை எடுத்தேன். இடது குழாயின் முனையில் அதே போன்ற பரு இருந்தது, அதைத் தொடாமல் மூடினேன். மத்லேனின் குறிப்பேடு அலமாரியில் இல்லை, என் வீட்டில் இருக்கிறது. மூன்று மாதம்தான் ஆகிறது. உடனே எடுத்தால் பிழைப்பார். பதமாகச் சொல்லுங்கள், பயந்த சுபாவம்.

எடுக்கப்போகும் டாக்டரிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். குழாயை வெட்டுவதற்கு முன் சூலகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்து, மணல் விழுந்திருக்கிறதா என்று எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.