வரைபடத்தில் ஒரு நூல்சிக்கல்

இதுவரை நட்பைப் பற்றிப் பெரிய பெரிய வார்த்தைகளாகவே பேசிவிட்டேன். கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன், தோழிகளே. ஒரு சின்னக் கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன், கேட்கிறீர்களா?

தூத்துக்குடியில் பதினைந்து பேர் சேர்ந்து ஓடுகிறார்கள். பரிசுக்காக ஓடுகிறவர்கள் இல்லை. ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், ஒருவர் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறார், ஒருவர் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கடற்கரைச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுவார்கள். முடித்ததும் ஒன்றாக உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார்கள். யார் மகன் கணக்கில் பெயில், யார் வீட்டில் மோட்டார் ரிப்பேர்... எல்லாம் அந்த இட்லிக்கடையில்தான் பேசுவார்கள்.

வர முடியாதவர்கள் வேறு எங்கேயாவது ஓடிவிட்டு வாட்ஸ்அப் குழுவில் படம் போட வேண்டும். என்ன படம்? கையில் கட்டியிருக்கிற வாட்ச், எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும். ஓடின பாதையை வரைபடத்தில் சிவப்புக் கோடாகப் போட்டுக் காட்டும். அந்தப் படம்தான். அது வந்தவுடன் மற்றவர்கள் கைதட்டுகிற பொம்மையைப் போடுவார்கள். அது அவர்கள் பழக்கம்.

அந்தக் குழுவில் ரெக்சலின் என்று ஒரு அக்கா. தையல் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் கிடையாது. வீட்டில் அவரும் கணவரும் மட்டும்தான். ஒரு ஞாயிறு அக்கா வரவில்லை. ஆனால் படம் வந்தது. ஒன்பது கிலோமீட்டர்.

"சூப்பர்க்கா!" உடனே கைதட்டல்.

அடுத்த ஞாயிறும் வரவில்லை. படம் வந்தது. பதினோரு கிலோமீட்டர்... இரண்டே முக்கால் மணி நேரம்.

மருந்துக்கடை ஜெபராஜ் அண்ணனால் சும்மா இருக்க முடியுமா? "என்னக்கா, ஓடுனீயளா, ஊர்ந்தீயளா? ஆமை ஒண்ணு உங்களை முந்திட்டுப் போச்சாமே!" என்று எழுதினார். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் கைதட்டினார்கள்.

மூன்றாவது ஞாயிறு. பதினான்கு கிலோமீட்டர். கைதட்டல்... கைதட்டல்... கைதட்டல்...

தோழிகளே, எல்லாரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தார்களா?

பார்த்தவர் ஒரே ஒருவர். தபால் ஆபீஸ் இசக்கியப்பன். அந்தக் கூட்டத்தில் அவர்தான் ரொம்ப மெதுவாக ஓடுகிறவர். அவர் வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் இரண்டாவது காபிக்குப் போயிருப்பார்கள். 'அக்கா மெதுவாக ஓடுகிற ரோடு எது? நாமும் அங்கே போகலாமே' என்று ஓட்டத்தின் நடுவே நின்று படத்தைப் பெரிதாக்கினார்.

ரோடே இல்லை.

தையல் மெஷினில் நூல் சிக்கினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரே இடத்தில் கோட்டின் மேல் கோடு, கோட்டின் மேல் கோடு. இன்னும் பெரிதாக்கினார். அது ஒரு ஆஸ்பத்திரி.

ஓட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அங்கே போனார். இரண்டாவது மாடி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீளமான வராந்தா. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, காலில் ஓடுகிற ஷூ... ரெக்சலின் அக்கா அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"அக்கா... என்னக்கா இது?"

அக்கா நிற்கவில்லை. "எங்க வீட்டுக்காரவுக உள்ள இருக்காவ. பதினேழு நாளாச்சு. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்காம். இன்னும் கண்ணு முழிக்கல."

"கொஞ்சம் உக்காருங்கக்கா."

"உக்காந்தா பயமா இருக்கு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

அப்போதுதான் அக்கா நின்றார். "எப்பிடிச் சொல்ல? ரெண்டு தடவ எழுதினேன், அழிச்சிட்டேன். எல்லாரும் சந்தோசமா இட்லி தின்னுட்டு இருப்பீய, அந்த நேரத்துல இதை எப்பிடிப் போட? அதான் படத்தைப் போட்டேன். யாராவது ஒருத்தர், இது என்ன இடம்னு கேப்பீயன்னு..."

குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார். பிறகு சொன்னார்:

"மூணு வாரமும் கை தட்டுனீய."

இசக்கியப்பன் மட்டும் என்ன? அவரும்தானே தட்டினார்? அக்கா மறுபடி நடக்க ஆரம்பித்ததும் அவரும் கூடவே நடந்தார். ஒரு நர்ஸ் வந்து, "ஒருத்தங்க நடக்கும்போதே ஸ்ட்ரெச்சர் தள்ள வழியில்ல, இப்ப துணைக்கு ஆள் வேறயா? ஓரமா போங்க" என்று சத்தம் போட்டார். இரண்டு பேரும் ஓரமாக நடந்தார்கள்.

அக்காவின் கணவர் பிழைத்தாரா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த வியாழக்கிழமை போய்விட்டார். அன்றைக்கு அந்த வராந்தாவில் பதினோரு பேர் நின்றார்கள். ஜெபராஜ் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். ஆனால் தோழிகளே, அந்தப் பதினேழு நாட்களையும் அக்கா ஒற்றை ஆளாக நடந்து முடித்திருந்தார். அதை யாரால் மாற்ற முடியும்?

இதை ஏன் சொல்கிறேன்? நம் வகுப்பிலும் ஒருத்தி இருப்பாள். தினமும் வருகிறாள். வீட்டுப்பாடம் எல்லாம் சரியாக இருக்கிறது. 'வெரி குட்' வாங்குகிறாள், நாம் கைதட்டுகிறோம். கடைசி மணி அடித்த பிறகு பையில் புத்தகத்தை அடுக்குகிறாள், எடுக்கிறாள், மறுபடி அடுக்குகிறாள். வீட்டுக்குக் கிளம்ப அவளுக்கு ஏன் இத்தனை நேரம் ஆகிறது? யாராவது கேட்டோமா? வாய் திறந்து சொல்ல அவளால் முடியவில்லை. அவளால் முடிந்த விதத்தில் காட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அதைப் பார்க்கிறவள்தான் தோழி.

அதனால் நான் பேசி முடித்ததும் கைதட்ட வேண்டாம். பக்கத்தில் இருக்கிறவள் முகத்தைப் பாருங்கள். என்ன ஆச்சு என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்பாள்... முதல் தடவை அப்படித்தான் சொல்வோம். எழுந்து போய்விடாதீர்கள். தயவுசெய்து, இன்னொரு தடவை கேளுங்கள்.