அக்காவின் கைராசி

பூனையைப் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. துண்டால் சுற்றி, தலையை மட்டும் வெளியே விட்டு, முழங்கையால் நம் உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். அது எனக்கு நன்றாகவே தெரியும். முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால், ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுத எனக்கே ஆசை வரலாம்.

பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். முன்மேசையில் இரண்டு பேர், நானும் அக்காவும். கூடப்பிறந்தவர் இல்லை, வயதில் மூத்தவர். பெயர் பதிவது, பிராணியைப் பிடித்துக்கொடுப்பது, தரை துடைப்பது எல்லாம் நாங்கள்தான். இந்த வருஷம் மாலைக் கல்லூரியில் சேர்ந்தேன். நான்கு மணிக்கு வகுப்பு. வேலையோ ஆறு மணி வரை. அக்கா மட்டும் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். மூன்றாம் வகுப்பு படிக்கிற மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போக அவருக்கு வேறு ஆள் இல்லை.

எனக்கும் அப்படிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனதால் கொஞ்சம் செயற்கையாகத்தான் இருந்திருக்கும்.

"காலையில சீக்கிரமே வந்துடறேன் டாக்டர். ரெண்டு மணிக்கு விட்டா போதும்."

"ரெண்டு பேரும் கிளம்பிட்டா மத்தியானம் யாரும்மா இருப்பா? வர்ற நாயையே உட்கார வெச்சு டோக்கன் குடுக்கச் சொல்லவா?" என்றார். "ஒருத்தருக்குத்தான் முடியும். அதை அவங்களுக்குக் குடுத்தாச்சு."

நியாயமான பதில். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே அசைபோட்டேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. ஒருத்தருக்கு முடியும் என்றுதான் சொன்னார்.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருந்தால் நீங்கள் என்னைக் கெட்டவள் என்று சொல்லலாம். நான் புகழ்ந்தேன். "அக்கா கை பட்டாலே பூனை அடங்கிடுது டாக்டர்." அது உண்மை. "முரட்டு நாய் வெச்சிருக்கிறவங்க அக்கா இருக்காங்களான்னு கேட்டுட்டுத்தான் உள்ளயே வர்றாங்க." அது பாதி உண்மை. ஒருவர் கேட்டார்.

அக்காவுக்கே கூச்சமாகிவிட்டது. "ஏய் பரீட்சை, என்னை ரொம்ப ஏத்திவிடாதே. அப்புறம் இறங்கத் தெரியாம மேலயே நிக்கப்போறேன்" என்று சிரித்தார். நான் கல்லூரியில் சேர்ந்த அன்றே அவர் எனக்கு வைத்த பெயர் அது.

வெறும் புகழ்ச்சி போதுமா என்று எனக்குச் சந்தேகம். எனக்கு எதிலும் சந்தேகம்தான். அதனால் நேரம் கேட்டு வருகிறவர்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டேன். சாதுக்களைக் காலையில் வரச் சொன்னேன். கடிக்கிற ஜாதியை மத்தியானத்துக்குத் தள்ளினேன். காலையில் கிளினிக் வாசகசாலை மாதிரி இருந்தது. மத்தியானம் சந்தைக்கடை. டாக்டர் வித்தியாசத்தைக் கவனித்தார், ஆனால் முடிவெடுக்கவில்லை. சில மனிதர்களுக்கு முடிவெடுக்கக் கொஞ்சம் உதவி தேவைப்படுகிறது.

ஒரு மத்தியானம் பழுப்புப் பூனை ஒன்று காதில் புண்ணோடு வந்தது. முறைப்படி சுற்றிப் பிடித்தேன். டாக்டர் முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து காதைத் திருப்பியதும் முழங்கையை லேசாகத் தளர்த்தினேன். அதற்குமேல் பூனைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டரின் கட்டைவிரலுக்கு அடியில் பல் ஆழமாக இறங்கிவிட்டது. கை வீங்கி, அந்த வாரம் முழுக்க அவரால் கத்தியைத் தொட முடியவில்லை. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முகத்தில்தான் படும் என்று எதிர்பார்த்தேனா என்று கேட்டால் தெரியவில்லை.

"அக்கா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது டாக்டர்" என்று கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னேன்.

மறுநாள் அக்காவை உள்ளே கூப்பிட்டார். இனி ஆறு மணி வரை இருக்க வேண்டும், இல்லையென்றால் மத்தியானத்துக்குப் பிராணியைப் பிடிக்கத் தெரிந்த வேறு ஆளாகப் பார்க்க வேண்டிவரும் என்றாராம். வருத்தப்பட்டுத்தான் சொன்னாராம். இரண்டு மணி எனக்கு வந்தது.

அக்கா கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பரீட்சை, ஸ்கூல் நீ போற வழிதானே. எம் பொண்ணைக் கூட்டிட்டு வந்து இங்க விட்டுட்டுப் போறியா?" என்றார்.

"வகுப்பு இருக்கே அக்கா."

"நாலு மணிக்குத்தானே?"

"அதுக்கு முன்னாடி படிக்கணும்."

"ஆமாமா. நீயும்தான் பாவம், எவ்வளவுன்னு செய்வே" என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது பள்ளி வேன் அந்தப் பிள்ளையை கிளினிக் வாசலில் இறக்கிவிடுகிறது. குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் போன அன்று பார்த்தேன். பெஞ்சில் முரட்டு நாய் ஒன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அதற்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "தப்பா சொன்னா திரும்பவும் முதல்லேருந்து" என்று மிரட்டல் வேறு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா ஒரு பூனையை அணைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது, மறைக்கவில்லை. ஆனால் நிதானமாக யோசித்தால் நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. பூனை விஷயம் தவிர, ஒருவரிடம் இருக்கிற திறமையை இன்னொருவரிடம் எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

அடுத்த பருவத்தில் எனக்குச் சனிக்கிழமையும் முழுநாள் வகுப்பு. சனிக்கிழமை அந்தப் பிள்ளைக்குப் பள்ளி இல்லை. அம்மாவைவிட மகளுக்குத்தான் கைராசி ஜாஸ்தி என்று இன்று காலை டாக்டரிடம் சொல்லிவைத்தேன்.