போல்ட் இல்லாமல் நின்ற மூடி

ஹலோ… ஆமா, கெம்பஸ்ல தான். வகுப்பு முடிஞ்சிருச்சு, சொல்லுங்க… ஆ… ஆ… ஒரு சொட்டு ஸ்டீம் கூட வெளிய வராதா? கம்ப்யூட்டர் சொல்லிச்சா? அப்ப யுகேஷ் சேர் பெரிய ஆளு தான். வீட்ல குக்கருக்கு வாசர் போட மறக்குற மனுசன், பல்லேகலையில ஸ்டீம் டேங்க்குக்கு மூடி டிசைன் பண்றாரு…

சரி, சரி, கோவிக்காதீங்க. நீங்க சொன்னபடியே, அன்னைக்கு வாசர நான் தான் ஒளிச்சு வச்சேன். உங்க மேல பிழையே இல்ல, எப்பவும் போல… ம்… மூடிய செஞ்சு பூட்டியும் ஆச்சா? பின்னேரம் டெஸ்ட்டா? நல்லது.

அப்ப ஒரு சின்ன வேலை செய்ங்களேன். கம்ப்யூட்டர்ல இருக்குற போல்ட் எல்லாத்தையும் கழட்டிட்டு கணக்க ஓட விடுங்க… சும்மா தான். மூடியில ஒரு துண்ட மட்டும் தானே கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்க, உடனே முடிஞ்சிரும்… ம்… ம்… என்னா சொல்லுது?… இப்பவும் ஒழுகலயா?

ஏங்க, ஒரு போல்ட்டும் இல்லாம மூடி எப்பிடிங்க நிக்குது?…

இல்ல, சிரிக்கல… சரி, கொஞ்சம் சிரிச்சேன். கம்ப்யூட்டர்ல மூடியையும் அதுக்குக் கீழ இருக்குற ரப்பர் வாசரையும் ஒட்டி வச்சிருக்கீங்க. போன வெள்ளிக்கிழம கணக்கு பாதியில நின்னு நின்னு போகுது, கட்டுகஸ்தோட்டை கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னு குதிச்சீங்களே, அப்ப தானே ஒட்டினீங்க?… ஆமா… ஆமா, ஒட்டினா சுகமா ஓடும். ஆனா நெசத்துல ரப்பர் மூடிய தள்ளும், பிடிச்சு இழுக்காது. விட்டுச்சுன்னா விட்டது தான். ஒவ்வொரு புள்ளியிலயும் தொடுதா, விலகிருச்சான்னு கணக்கு திரும்பத் திரும்பப் பாக்கணும். அதான் அதுக்கு அவ்வளவு கஷ்டம்…

ஒட்டுனத எடுத்துட்டு, ரப்பர் விலகலாம்னு மாத்துங்க. போல்ட்ட திரும்பப் போடுங்க… கணக்கு நின்னுருச்சா? போல்ட்ட இறுக்காமலே ஸ்டீம் விட்டீங்களா? மூடி பறக்கும் தானே. மொதல்ல இறுக்கம், பிறகு ஸ்டீம், அதுவும் கொஞ்சங் கொஞ்சமா… ம்… ஓடுதா?… எங்க?… ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல மூடி வாய் திறக்குதா? அப்ப நெச மூடியும் அங்க தான் ஒழுகும்…

ஏங்க, அது என்னா சத்தம்? டெஸ்ட் பின்னேரம் தானே சொன்னீங்க?… இப்பவே தொடங்கிட்டாங்களா? டேங்க் பக்கத்துல யாரு நிக்கிறா?… வால்வ திறக்குற ஃபாஸில் நானாவா? உடனே போய் வால்வ மூடச் சொல்லுங்க… பொஸ்ஸும் டேங்க் வாங்க வந்தவங்களும் நின்னா நிக்கட்டும். வெக்கத்த பிறகு பாத்துக்கலாம். அந்த மனுசன் மூஞ்சியில ஸ்டீம் அடிச்சா என்னா செய்வீங்க?… போங்க, ஓடுங்க. போன வைக்காதீங்க…

…ம்…

…மூடிட்டாரா?… அப்பாடா… ஆமா, கேட்டுச்சு. பொஸ் கத்துனதும் கேட்டுச்சு, நீங்க சொன்னதும் கேட்டுச்சு. "பிழை என்னோடது சேர்"னு. தெளிவா கேட்டுச்சு…

ஏங்க, கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல நான் ஒருக்காவும் கேக்காத வார்த்தை அது. இன்னொருக்கா சொல்லுங்களேன், இங்க லெப்ல எல்லாரும் கேக்குற மாதிரி ஸ்பீக்கர்ல போடுறேன்… ஹலோ?… ஹலோ…

வச்சிட்டாரு.