கொள்ளிடக் கரையில் ஒரு பேரம்

இந்த டீக் கோப்பை நம்ம ஊர்ச் சரக்கு இல்லை, மேடம். விருத்தாசலத்தில் இத்தனை பீங்கான் சூளைகள் இருக்க, யாரோ வெளியூர்க் கோப்பையைக் கொண்டுவந்து உங்கள் ஸ்டேஷனில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நல்லதாக ஒரு டஜன் அனுப்பியிருப்பேன். விலை பேசித்தான் கொடுப்பேன், ஆனால் நியாயமாக இருக்கும்.

சரி, நிலவன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் செத்ததில் எனக்குப் பங்கு உண்டா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். வியாபாரி வீட்டுப் பிள்ளையிடம் பங்கு பற்றிக் கேட்டால் ஆரம்பத்திலிருந்துதான் சொல்வான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் நிலவனும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவன் படித்துவிட்டு பெங்களூர் போனான். கொரோனா சமயத்தில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை, வீட்டிலிருந்தே வேலை. நான் கடைத்தெருவில் அப்பாவின் பீங்கான் கடையில் உட்கார்ந்தேன். பொம்மை, ஊறுகாய் ஜாடி, மின்சார பியூஸ் கட்டை எல்லாம் எங்களிடம் கிடைக்கும். எங்கள் தெருவில் விலை என்பது சொல்வது அல்ல, பேசுவது. வருகிறவன் உட்கார்ந்து, சலித்துக்கொண்டு, இடையில் பிள்ளை குட்டி நலம் விசாரித்து, ஒரு வழியாக ஒரு விலைக்கு வருவான். அதற்குள் அவன் எப்படிப்பட்ட ஆள் என்று நமக்குத் தெரிந்துவிடும். நிலவனுக்கு அது வராது. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ஊரே அவனைத் தங்கமான பையன் என்றது. என்னைக் கேட்டால் அது ஒருவகைத் திமிர்.

போன வருஷம் எனக்குப் பெண் பார்த்தார்கள். பூங்கோதை, நல்லூர்ப் பக்கம் தபால் அலுவலகத்தில் வேலை. பார்த்த உடனே பிடித்துவிட்டது. பிடித்ததைக் காட்டிக்கொண்டால் எதிராளி இறங்கி வரமாட்டான் என்பது எங்கள் வீட்டில் சோற்றோடு ஊட்டுகிற பாடம். அதனால் பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அப்பா பேச்சை இழுத்தார். எந்த மண்டபம், என்ன சீர், மாப்பிள்ளைக்கு பைக்கா காரா என்று தரகர் இரண்டு பக்கமும் அலைந்து செருப்பைத் தேய்த்தார். தை போய்ப் பங்குனி வந்தது, அதுவும் போனது. ஒரு நாள் பூங்கோதையே கடைக்கு போன் செய்தாள்.

"ஒங்க அப்பா பொறுமையா யோசிக்கட்டுங்க. நான் யோசிச்சு முடிச்சிட்டேன்."

நல்ல பேச்சுக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அதையும் பேரத்தில் ஒரு படி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பெண் பார்க்கப் போன அன்று எனக்குத் துணையாக வந்து அந்த பஜ்ஜியைத் தின்றவன் நிலவன். அவன் எனக்குத் துரோகம் செய்தான் என்று நான் சொல்லமாட்டேன். அவள் வீட்டுக்குப் போவதற்கு முன் என் கடைக்கு வந்து கேட்டான்.

"ஒனக்கு அந்தப் பொண்ணு மேல இஷ்டம் இருக்குதாடா? இருந்தா இப்பவே சொல்லிடு, நான் பேசாம இருந்துடுறேன்."

இஷ்டம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் பழகவில்லை. சுமார்தான் என்றேன். அவன் அதை அப்படியே நம்பிவிட்டான். ஒருவன் சுமார் என்றால் மறுபடி ஒரு தடவை கேட்க வேண்டாமா. நேராக அவள் வீட்டுக்குப் போய், எதுவும் வேண்டாம், பெண்ணுக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டு, ஒரே சாயங்காலத்தில் முடித்துக்கொண்டு வந்துவிட்டான். ஆவணியில் கல்யாணம் என்று வைத்தார்கள்.

அதற்கு முன் ஒரு சைக்கிள் பயணம் போகவேண்டும் என்பது அவனுடைய ஆசை. விருத்தாசலத்திலிருந்து கிள்ளைக் கடல் வரை, கூடியமட்டும் தார் ரோட்டை மிதிக்காமல், ஆற்றங்கரையும் ஏரிக்கரையும் முந்திரித்தோப்பு மண் பாதையுமாகச் சில நாள் ஓட்டம். கல்யாணத்துக்குப் பிறகு விடமாட்டார்கள் என்று சிரித்தான். கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்த சஹீரும் சேர்ந்துகொண்டான். நானும் போனேன். நட்பு வேறு, வியாபாரம் வேறு, மேடம்.

பாதை அழகாகத்தான் இருந்தது. மணிமுத்தாற்றங்கரையில் மயில்கள் ஒதுங்கி வழிவிட்டன. முந்திரித்தோப்பில் செம்மண் பற்களுக்கிடையில்கூடப் புகுந்தது. கம்மாபுரம் தாண்டி ஓரிடத்தில் வீராயி என்று ஒரு அம்மா இளநீர் வைத்திருந்தாள். நான் விலை பேச வாயெடுப்பதற்குள் நிலவன் கேட்டதைக் கொடுத்துவிட்டான். அவளுக்கே மனசு சங்கடமாகிவிட்டது.

"இப்பிடிக் குடுத்தீங்கன்னா இன்னும் கூடக் கேட்டிருக்கலாமோன்னு எனக்குத்தான் தூக்கம் வராது," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பேசுப்பா, ஒங்கிட்ட பேசுனா யாவாரம் பண்ண மாதிரி இருக்கும்," என்றாள். ஒரு பாமர மனுஷிக்குப் புரிந்தது, பாருங்கள்.

அன்று மதியம் நிலக்கரிச் சுரங்க மண் கொட்டிய மேட்டிலிருந்து இறங்கும்போது நிலவனின் முன்சக்கரம் மழை அறுத்த பள்ளத்தில் விழுந்தது. ஆள் புரண்டு எழுந்தான், ஒன்றும் ஆகவில்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் தங்கினோம். அங்கே சஹீர் கழன்றுகொண்டான். "ஏசில ஒக்காந்த முட்டிடா இது, ஒங்க மண்ணுக்குத் தாங்காது," என்று சைக்கிளைத் தனியார் பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிவிட்டு ஊருக்குப் போனான்.

அவன் போனபின் நான் நிலவனுடைய சைக்கிளைத் தட்டிப் பார்த்தேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை, கார்பனில் செய்தது, விலை உயர்ந்தது, கண்ணுக்குக் கீறல் தெரியாது. நாங்கள் ஜாடியை வாங்கும்போதே விரல் முட்டியால் தட்டித்தான் வாங்குவோம். நல்ல ஜாடி மணியாகப் பேசும், விரிசல் விட்டது மரக்கட்டை மாதிரி முனகும். வலது பக்கம் பேசியது. இடது பக்கம் முனகியது.

குளித்துவிட்டு வந்தவன் பார்த்தான். "என்னடா தட்டுற, ஊறுகா ஜாடியா அது?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. வாங்குகிறவன்தான் தட்டிப் பார்க்கவேண்டும். கேட்டால் பொய் சொல்லமாட்டோம், கேட்காதவனிடம் குறையைச் சொல்லமாட்டோம். நிலவன் கேட்கவில்லை. எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கிற பழக்கம் இல்லாதவனுக்கு நான் என்ன செய்ய.

வீராணம் ஏரிக்கரை முழுக்க அது தாங்கியது. சமதரைதானே. கொள்ளிடக் கரைக்கு வந்தோம். கரைமேலேயே போயிருக்கலாம். ஆற்றுக்குள் இறங்கிக் குறுக்கே போகலாம் என்றது நான். கரையிலிருந்து மணல் வண்டிகள் இறங்கிய சரிவு ஒன்று இருக்கிறது, அடியில் கருங்கல் பாவியது. நான் முதலில் பிரேக் பிடித்து நிதானமாக இறங்கினேன். கீழே நின்று, நல்ல பாதைதான், வேகமாகவே வா என்று கை காட்டினேன். அதுவும் பொய்யில்லை. பாதை நன்றாகத்தான் இருந்தது.

கவட்டை பாதிச் சரிவில் முறிந்தது. கல்லின்மேல் விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. அவன் போன் சிதறிப்போயிருந்தது. என் போனில் டவர் முழுசாக இருந்தது. நான் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்டா நிக்கிற, ஆம்புலன்ஸ கூப்புடு," என்றான். நான் நின்றேன். அவனுக்கு மெல்லப் புரிந்தது.

"என்னடா வேணும் ஒனக்கு?"

ஒருவன் இப்படி வாய்விட்டுக் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. அவளை விட்டுவிடு, போன் செய்கிறேன் என்றேன். கேட்டதை உடனே கொடுத்துப் பழகியவன், சரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அப்புறம் மாற்றிப் பேசினால்கூட நான் என்ன செய்திருக்க முடியும். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"அவ என்ன ஒன் கடையில இருக்குற சரக்கா. அது நான் குடுக்கறதும் இல்ல, நீ வாங்கறதும் இல்லடா."

எனக்கு அவன்மேல் முதல் தடவையாக மதிப்பு வந்தது, மேடம். உண்மையாகச் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் கேட்ட விலையை அவன் மறுத்து நான் பார்த்ததே இல்லை. அந்த இடத்திலிருந்துதான் எங்களுக்குள் சரியான பேச்சு ஆரம்பமாகிறது என்று நினைத்தேன்.

அதன்பின் நான் கிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததும், நிலவன் வேறு தடத்தில் பிரிந்து போனான் என்று சொன்னதும், ஆடு மேய்க்கப் போன பெரியம்மாள் என்பவள் அவனைக் கண்டெடுத்ததும் உங்களுக்குத் தெரியும். காரியம் முடிந்து கொஞ்ச நாள் விட்டுத்தான் தரகரைப் பூங்கோதை வீட்டுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை சீர் வேண்டாம், கார் வேண்டாம், பெண்ணுக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டு வரச் சொன்னேன். நான் திருந்திவிட்டதாகத்தான் நினைத்தேன். நிலவன் அன்று சொன்ன அதே சொல்லைக் கேட்டவள் எழுந்து நேராக சஹீர் வீட்டுக்குப் போனாளாம். நாங்கள் மூவரும் போனில் வைத்திருந்த, ஒருவர் தடம் மற்றவருக்குத் தெரிகிற சைக்கிள் ஆப்பைத் திறந்து, நான் போன தடத்தைக் காட்டச் சொன்னாளாம். புத்திசாலி. நான் அன்றைக்கே சரியாகத்தான் மதிப்புப் போட்டிருக்கிறேன்.

நிலவன் கிடந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், நாணல் புதருக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் ஏன் நின்றாய் என்று கேட்டீர்கள். களைப்பில் படுத்துத் தூங்கிவிட்டேன் என்று நேற்று சொன்னது பொய். தூங்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

விலை படியாவிட்டால் எங்கள் தெருவில் என்ன செய்வார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். எழுந்து நடப்பார்கள். எதிராளி கூப்பிடுவான். முதல் குரலுக்குத் திரும்பினால் நம் அவசரம் தெரிந்துவிடும். இரண்டாவதுக்குத் திரும்பினால் நம் ஆசை தெரிந்துவிடும். மூன்றாவது குரலில்தான் இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகிற விலை வரும். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அந்தத் தெருவில் வளர்ந்தால் கால் தானாகவே அப்படித்தான் நடக்கும்.

அவன் கூப்பிட்டான், மேடம். ஆதி என்று என் பெயரைச் சொல்லி ஒரு தடவை. நான் திரும்பவில்லை. வெகுநேரம் கழித்து இன்னொரு தடவை, மெதுவாக. போன் என் கையில்தான் இருந்தது, நம்பர்கூடப் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். அடுத்த குரலுக்குத் திரும்பியிருப்பேன். எதுவும் கேட்காமல்கூடத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

வெயில் இறங்கும் வரை அவனுக்காக நான் காத்திருந்தேன். அவனுக்குத்தான் கடைசிவரை பேரம் பேசத் தெரியவில்லை.