அன்புச்செல்வி குழு

இந்த அறையில் டியூப்லைட்டைத் தப்பான சுவரில் போட்டிருக்கிறார்கள், மேடம். நீங்கள் எழுதும்போது உங்கள் கையின் நிழலே தாளின்மேல் விழுகிறது. மேசையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான்கு வருடம் இன்டீரியர் டிசைன் படித்தால் எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண் இப்படித்தான் அலையும்.

என் பெயர் ரஞ்சிதா. சொந்த ஊர் திருச்செங்கோடு. அப்பாவுக்கு இரண்டு போர்வெல் ரிக் வண்டிகள். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே எங்காவது ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார். எங்கள் கல்லூரியில் நடந்த சாவை விபத்து என்று எழுதி முடிக்கப்போகிறீர்கள் எனக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானே பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை.

அன்புச்செல்வி என் வகுப்பு. குமாரபாளையத்துக்காரி. அவர்கள் வீடு ஒரே அறை, அதில் முக்கால்வாசியை ஒரு விசைத்தறி அடைத்துக்கொண்டிருக்கும். அவளும் அவள் அம்மா முத்தாயம்மாளும் தறிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கியே காலம் தள்ளியவர்கள். முதல் வருடம் சேர்ந்தபோது அவளுக்கு ஸ்கேல் பிடிக்கக்கூடத் தெரியாது. கோடு போடக் கற்றுக்கொடுத்தவள் நான். என் பேனா, என் ஷீட், என் லேப்டாப். சொல்லிக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை.

கடைசி வருடத்தில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓர் அறையை நிஜ அளவில் கட்டிக் காட்ட வேண்டும். அவளும் நானும் ஒரு குழு. தறி வீட்டில் தரையில் இடம் இருக்காது, அதனால் கட்டிலைத் தறிக்கு மேலே தொங்கவிடலாம் என்றாள். ஏழடி உயரத்தில், கூரையிலிருந்து நான்கு கம்பிகளில் தொங்கும் கட்டில். ஏறி இறங்க ஓர் ஏணி. யோசனை அவளுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். யோசனை யாருக்குத்தான் வராது? அதைக் கண்கொண்டு பார்க்கிற மாதிரி ஆக்கியது நான். வண்ணம், விளக்கு, கம்பிகள் மாட்டிய இடம் தெரியாமல் மறைக்கும் ஜிப்சம் சீலிங், எல்லாம் என் கைவேலை. கட்டிலுக்குக் கீழே நிஜத் தறியின் இரும்புச் சட்டத்தையே கொண்டுவந்து வைக்கலாம் என்று சொன்னதும் நான்தான்.

பாதி வேலை நடக்கும்போது கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட் பார்க்க வந்தார். இறுதித் தேர்வுக்கும் அவர்தான் நடுவர். ஒரு மணி நேரம் அவளிடமே பேசினார். படிப்பு முடிந்ததும் நேராக என் ஆபீசுக்கு வந்துவிடு என்றார். கிளம்பும்போதுதான் நான் ஒருத்தி நிற்பது அவர் கண்ணில் பட்டது.

"நீங்க கலர் மட்டும் பாத்துக்கிட்டீங்களாம்மா?"

"இல்லீங்க சார், ரெண்டு பேரும் சேந்துதானுங்க பண்ணுனோம்" என்று அன்புச்செல்வி முந்திக்கொண்டு சொன்னாள். எனக்குப் பிச்சை போட்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து துறைத்தலைவர் தனசேகர் சாரும் எங்களை 'அன்புச்செல்வி குழு' என்றே கூப்பிட்டார். அறைக்கு வெளியே ஒட்டிய சீட்டிலும் அதையே எழுதினார். ஒவ்வொரு நாளும் அந்தச் சீட்டைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது, மேடம். அதை மறைத்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. செய்தவர்தான் முதலில் பயன்படுத்திக் காட்ட வேண்டும். நாற்காலி செய்தவன் நடுவர் முன்னால் அதில் உட்கார வேண்டும். எங்கள் கட்டிலில் யார் படுத்துக் காட்டுவது என்று யாரும் கேட்கக்கூட இல்லை. அன்புச்செல்வி குழுவில் அன்புச்செல்விதானே படுப்பாள்.

அவள் கூரையில் துளை போட்டு, காங்கிரீட்டை உள்ளேயிருந்து கவ்விக்கொள்ளும் ஆங்கர் போல்ட் நான்கை மாட்டியிருந்தாள். நன்றாகவே மாட்டியிருந்தாள். தலைமாட்டுப் பக்கம் இருந்த இரண்டை நான் கழற்றினேன். நம் பக்கத்து ஆசாரிகள் காலண்டர் மாட்டுவதற்குச் சுவரில் மரக்கட்டையைச் செருகி ஆணி அடிப்பார்களே, அதே மாதிரி அந்தத் துளைகளில் கட்டையை அடித்து, குட்டை ஸ்க்ரூவைத் திருகிவிட்டேன். புதன்கிழமை மதியம், எல்லாரும் மெஸ்ஸுக்குப் போயிருந்த நேரம். சீலிங்கை மறுபடி மூடி, சீக்கிரம் காயும் பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கழற்றிய போல்ட் இரண்டும் இதோ, உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறேன். கட்டில் கொஞ்சம் சாயும், அவள் முகம் சுண்டிப்போகும், மதிப்பெண் குறையும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை தேர்வு. முத்தாயம்மாள் காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டார். எனக்கு ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளி, பிடிக்கும் என்று அன்புச்செல்வி எப்போதோ சொல்லியிருக்கிறாள். அந்தம்மா ஒரு டப்பா நிறையச் சுட்டுக் கொண்டுவந்து, "தின்னு சாமி, இளைச்சுப் போயிட்டே" என்று என் கையில் கொடுத்தார். இரண்டு தின்றேன். நன்றாக இருந்தது.

நடுவர் வந்ததும் அன்புச்செல்வி ஒரு காரியம் செய்தாள். "சார், மொதல்ல எங்கம்மா படுக்கட்டுங்க. இது அவங்களுக்காகப் பண்ணுனதுங்க" என்றாள். தனசேகர் சாருக்கு அதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது. வழக்கத்தை மீறலாம் என்று தலையாட்டினார்.

"அய்யோ, இத்தன பேரு பாக்கறாங்க, நானெல்லாம் ஏற மாட்டேன் போ கண்ணு" என்று அந்தம்மா வெட்கப்பட்டார். அப்புறம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார். "ஏஞ்சாமி, ஏணிய நல்லாப் புடிச்சுக்கோ. எனக்குக் காலு நடுங்குது."

பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு படியாக ஏறினார். அவர் புடவை என் கையில் உரசியது. அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அன்புச்செல்வி எனக்கு எதிரே நின்று, அண்ணாந்து தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை என்னால் சகிக்க முடியவில்லை. அந்தம்மா காலை நீட்டிப் படுத்து, "காத்து நல்லா வருது கண்ணு" என்றார். நான் ஏணியை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். தலைமாடு முதலில் இறங்கியது. கீழே தறிச் சட்டம் இருந்தது.

எடைச் சோதனை நடக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. நடந்தது. திங்கட்கிழமை மூன்று மூட்டை சிமெண்டை ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தோம். அசையவில்லை. தனசேகர் சார் கையெழுத்துப் போட்டார். ஆமாம், போல்ட்டைக் கழற்றிக் கட்டையை அடித்தது அதற்கு அப்புறம்தான். வெறும் கட்டிலைத் தாங்கும், ஆள் படுத்தால் தாங்காது என்று எடையெல்லாம் போட்டுப் பார்த்துத்தான் ஸ்க்ரூவின் நீளத்தை முடிவு செய்தேன். சாயும் என்று நினைத்ததாகச் சற்று முன் சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள்.

பொறியாளர்கள் வந்து பார்த்து, மாணவி ஆங்கருக்குப் பதில் மரக்கட்டை அடித்திருக்கிறாள், அது காய்ந்து நழுவிவிட்டது என்று அறிக்கை கொடுத்தார்கள். அன்புச்செல்வி முதலில் இல்லவே இல்லை என்று கதறினாள். இப்போது கதறுவதில்லை. படிப்பை விட்டுவிட்டாள். நேற்று போனில், "நான் மாட்டுனது ஆங்கர்தானான்னு எனக்கே இப்பத் தெரியல ரஞ்சி. எங்கம்மாவ நானே கொன்னுட்டேன்" என்றாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்கிறாளாம். ஊரே அவளைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறது.

இரவெல்லாம் யோசித்தேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, மேடம். துளையை அளந்தது, கட்டையைச் சீவியது, மூன்று பொறியாளர்கள் தடவிப் பார்த்தும் ஒட்டு தெரியாமல் பட்டி பார்த்தது எல்லாம் நான். இதிலும் அவள் பெயரா? எழுதிக்கொள்ளுங்கள். இதில் அவளுக்குப் பங்கே கிடையாது. முழுக்க நான் ஒருத்தி செய்தது.